ஓரடி ஸ்கேல்

வேலையில் இருந்த காலமெல்லாம் என் மேசைமேல் இரண்டு சாமான்கள் கிடக்கும். ஒன்று ஹாஜர் புத்தகம். இன்னொன்று மரத்தில் செய்த ஓரடி ஸ்கேல். அந்த ஸ்கேல் நோட்டில் கோடு போட்டதைவிடப் பிள்ளைகளின் உள்ளங்கையில் போட்டதுதான் அதிகம். நீளத்தை அளக்கிற அடிக்கும் வலிக்கிற அடிக்கும் தமிழில் ஒரே சொல் என்பது அப்போதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை. ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, பரணில் கிடந்த ஸ்கேலைப் பேத்தி எடுத்து வந்து, "இதுல எதுக்கு அம்மிச்சி ஓரமெல்லாம் நசுங்கியிருக்குது?" என்று கேட்டாள். மேசையில் தட்டித் தட்டி நசுங்கியது என்றேன். பாதி உண்மை.

வீட்டுக்குள் குழந்தைகளுக்கு நடப்பதை வெளியே இருக்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று கொஞ்ச காலமாகக் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எதைப் படித்தாலும் ஒரு பையன் குறுக்கே வந்து நிற்கிறான். அவனைப் பற்றி எழுதாமல் இந்தப் படிப்பை மூடிவைக்க முடியாது போலிருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதலில் எங்கள் பக்கம் எது என்று சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று போகப் போக மண் கறுத்துக்கொண்டு வரும், மழை குறைந்துகொண்டு வரும். கேரளம் என்றால் பச்சைப்பசேல் என்று நினைத்து வருகிற சொந்தக்காரர்கள், "இது என்னுங்க, நம்ம பல்லடமாட்டமே இருக்குது" என்பார்கள். பேச்சும் பல்லடத்துப் பேச்சுதான். ரேஷன் கார்டு மலையாளத்தில், கோயில் பாட்டு தமிழில், கூலி பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ. பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் எங்களுக்கு விட வேண்டும். அதை அளக்க இரண்டு மாநில அதிகாரிகளும் உண்டு, குறைந்தால் பேப்பரில் வரும், மந்திரி பேசுவார். அதே எல்லையைத் தாண்டிப் போய் வருகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது.

பையன் நாலாம் வகுப்பு. 2006-ஆக இருக்க வேண்டும். மூணாம் பெஞ்சில் சுவரோரம் உட்காருவான். சண்டை போட மாட்டான், கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இருப்பதே தெரியாது. இரண்டாவது பீரியட் வந்தால் தூங்கிவிடுவான். தலையைக் கவிழ்த்தெல்லாம் தூங்க மாட்டான். கண்ணைத் திறந்தபடியே சொக்கிப் போய்விடுவான். ஒருநாள் வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது ஏழாம் வாய்ப்பாட்டில் நாலாவது வரியில் அப்படி நின்றுவிட்டான். கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் இரண்டு வைத்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடிவாங்கிப் பழகிய பிள்ளையும் இழுக்காது, அடியே தெரியாத பிள்ளையும் இழுக்காது. இவன் எந்த ரகம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அந்த வருடம் முழு வருகைப் பரிசு அவனுக்குத்தான். ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறான், பந்த் நாளில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோதும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தோம். கைதட்டினோம். நான்தான் பேர் வாசித்தேன்.

விஷயத்தைச் சொன்னது கஞ்சிக்கார அக்கா. மதியச் சோறும் பயறும் சமைக்கிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏனுங் டீச்சர், அந்தப் பையன் திங்கக்கெழமையானா மூணு வாட்டி வாங்கறான். செவ்வாக்கெழம ரெண்டு வாட்டி. பொதங்கெழமைக்கு மேல எல்லாரு மாதிரித்தான். வெள்ளிக்கெழம ஆச்சுன்னா மிச்சமிருக்கறத இலையில பொட்டணங் கட்டித் தரச்சொல்றான். ரெண்டு வருசமா பாக்கறனுங்க. நான் ஆருகிட்டச் சொல்றது?"

ரெண்டு வருசமா. நான் ஹாஜர் புத்தகத்தில் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வராத பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது எங்கள் பாடம். ஒருநாள்கூட விடாமல் வருகிற பிள்ளைக்கு வீட்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம் என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் வரவில்லை. அக்கா கையில் புத்தகமும் இல்லை, ஸ்கேலும் இல்லை, கரண்டியால் அளந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனோம், அவரும் நானும். சுவர் மட்டும் நிற்கிற ஒரு வீடு. கண் சரியாகத் தெரியாத அம்மிச்சி. நாலு வயதில் ஒரு தங்கச்சி. அப்பன் எங்கேயோ. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில், மாதம் ஒரு தடவையோ ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவையோ வருகிறாள். பையன் விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, இருக்கிறதைக் காய்ச்சி, தங்கச்சியைக் குளிப்பாட்டி, அம்மிச்சி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறான். வெள்ளிக்கிழமைப் பொட்டலம் தங்கச்சிக்கு. அந்தப் பெண் அங்கன்வாடிக்குப் போகவில்லை. அவள் பேர் தமிழ்நாட்டுப் பக்கத்து ரேஷன் கார்டில் இருக்கிறது என்றும் அதனால் இங்கே சேர்க்க மாட்டார்கள் என்றும் யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்தப் பக்கத்துக் கணக்கில் அவள் இந்தப் பக்கம் போனவள், இந்தப் பக்கத்துக் கணக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளை.

உடம்பில் ஒரு காயம் கிடையாது. யாரும் அடிக்கவில்லை. மறுநாள் மேலிடத்தில் சொன்னபோது, "வீட்டு விஷயம் டீச்சரே, நாம தலையிட்டா வம்பு" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் குறை சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. பையனை அடித்த ஒரே ஆள், தெரிந்த வரையில், நான்தான்.

காயம் இருந்தாலாவது ஏதாவது நடந்திருக்கும் என்று பிறகு நினைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால், காயம் இருந்தபோதும் உலகம் ரொம்ப நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிரான்ஸில் அம்ப்ருவாஸ் தார்தியூ என்ற மருத்துவர் 1860-இல் 32 குழந்தைகளின் விவரத்தை எழுதினார். அதில் 18 பேர் இறந்தவர்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1946-இல் அமெரிக்காவில் ஜான் காஃபி என்கிற எக்ஸ்ரே மருத்துவர், மண்டைக்குள் ரத்தம் கட்டிய 6 குழந்தைகளின் கைகால் எலும்புகளில் 23 முறிவுகளைப் பார்த்தார். விழுந்ததாக எந்த வீட்டிலும் சொல்லவில்லை. 1962-இல் ஹென்றி கெம்ப்பும் கூட்டாளிகளும் 71 ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போட்டு ஒரு வருடக் கணக்குக் கேட்டார்கள். 302 குழந்தைகள், 33 மரணம், 85 பேருக்கு மூளையில் நிரந்தரச் சேதம். அதற்குப் பிறகுதான், சந்தேகம் வந்தால் டாக்டர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டங்கள் அந்த நாட்டில் வந்தன. அம்மா அப்பா சொல்கிற கதைக்கும் எலும்பு சொல்கிற கதைக்கும் தேதி ஒத்துவராததுதான் அவர்கள் கண்டுபிடித்த அளவுகோல். ஒரே பிள்ளையின் உடம்பில் ஒரு முறிவு ஆறிவிட்டது, இன்னொன்று பாதி ஆறியிருக்கிறது, மூன்றாவது புதுசு என்றால் ஒரே நாளில் கட்டிலிலிருந்து விழுந்தது என்று எப்படிச் சொல்வது?

அங்கன்வாடிக்காரர்களுக்கு இதில் ஒரு பகுதியாவது தெரிந்திருக்க வேண்டும் என்பேன். ஓடுகிற பிள்ளைக்கு முட்டியிலும் கணுக்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது இயல்பு. நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மார்பு, முதுகு, வயிறு, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் நின்று பார்க்க வேண்டும். நாலு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு எங்கே இருந்தாலும் பார்க்க வேண்டும். 1999-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட 366 குழந்தைகளைப் பார்த்தார்கள். 2 பேருக்குத்தான் ரத்தக்கட்டு இருந்தது. தவழாத பிள்ளை எங்கே போய் இடித்துக்கொள்ளும்? ஆனால் அவசரமும் படக்கூடாது. நம் பிள்ளைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே நீலமாகப் பிறவி மச்சம் உண்டு, அதைக் கண்டு போலீசுக்குப் போனால் அந்தத் தாயின் பாவம் சும்மா விடாது. மாந்தத்துக்கென்று வயிற்றில் சூடு போட்ட தழும்போடு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அது வைத்தியமா, வன்முறையா? போட்ட பாட்டி குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டே போட்டிருப்பாள். பிள்ளையின் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். எங்கள் பையன் வாய்ப்பாட்டில் நின்றுபோன அதே காலத்தில், மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நலத் துறை நாட்டிலேயே பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி 2007-இல் வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். கேரளம் உண்டு, ஆந்திரம் உண்டு, தமிழ்நாடு இல்லை. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபட்டிருந்தார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அதில் பாதிக்குமேல் பையன்கள், ஊரில் யாரும் நம்பாத செய்தி அது. பெரும்பாலானவர்கள் அதற்குமுன் யாரிடமும் சொன்னதே இல்லை. பெண் பிள்ளைகளில் 70.57 சதவீதம் பேர் வீட்டில் ஏதோ ஒரு விதத்தில் கவனிப்பில்லாமல் இருந்ததாகச் சொன்னார்கள்.

இதற்குப் பக்கத்தில் போலீஸ் கணக்கை வையுங்கள். 2022-இல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449. பத்தாயிரம் குழந்தைகளுக்கு நான்குகூட வரவில்லை. ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பல நாட்டு ஆய்வுகள் 217-ஐச் சேர்த்துப் பார்த்து 2011-இல் எழுதியதிலும் இதே பள்ளம்தான். பாலியல் வன்முறையைப் பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டால் ஆயிரத்துக்கு 127. டாக்டர், வாத்தியார், அதிகாரி இவர்களைக் கேட்டால் ஆயிரத்துக்கு 4. முதலாவது முழுக் குழந்தைப்பருவத்துக்கும் சேர்த்து, இரண்டாவது பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டே பாருங்கள், மீதி என்ன? அந்த மீதியில் என் மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம். அதே குழு கவனிப்பின்மை பற்றித் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. பாலியல் வன்முறைக்கு, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 331 கூட்டங்களின் கணக்குக் கிடைத்தது; சோறு, துணி, வைத்தியம் இல்லாமல் விட்டதற்கு 13, அன்பில்லாமல் விட்டதற்கு 16. எண்ணுகிறவர்களும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. அடி ஒரு நாளில், ஒரு நேரத்தில் நடக்கிறது. "எத்தனை தடவை" என்று கேட்கலாம். கவனிக்காமல் விடுவது எத்தனை தடவை நடக்கும்? நடக்க வேண்டியது நடக்காமல் இருப்பதைத் தேதி போட்டு எழுத முடியாது.

கேள்வி எந்த மொழியில் வருகிறது என்பது அடுத்த சங்கதி. ஒருமுறை சமூகப்பணி படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளைகள், மலையாளம் மட்டும் தெரிந்தவர்கள். தாளில் 'அவகணன' என்று ஒரு சொல். மலையாளத்தில் புறக்கணிப்புக்கு அதுதான். எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து, "டீச்சர், 'அவ கணவனா'ன்னு கேக்கறாங்க, யாரு கணவன்?" என்றான். வகுப்பே சிரித்தது. 'பீடனம்' என்று இன்னொன்று. அதைச் சாமி பீடம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். தாள்கள் ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பிப் போயின. பார்க்கிறவர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடம் சொர்க்கமாகத் தெரிந்திருக்கும்.

நல்ல தமிழில் கேட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. "உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?" என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது. அப்பா துன்புறுத்துவாரா? அப்பா அடிப்பார், அவ்வளவுதான். "அடியாத மாடு படியாது" என்பது எங்கள் ஊரில் பழமொழி என்ற நிலை தாண்டிப் பாடத்திட்டமாகவே இருந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லைக் கேட்பதில்லை, செயலைக் கேட்கிறார்கள். கையால் அடித்தாரா, பெல்ட்டால் அடித்தாரா, வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாரா, குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ள முடியாமல் கிடந்தாரா, வீட்டில் பெரியவர்கள் யாருமில்லாமல் உன்னை விட்டுப் போனார்களா, ராத்திரி சாப்பிடாமல் படுத்த நாள் உண்டா. முர்ரே ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளரும் குழுவும் 1998-இல் பெற்றோரிடம் இப்படிக் கேட்கிற ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். பிறகு குழந்தைகளிடமே கேட்பதற்கு ஐகாஸ்ட் என்ற கேள்வித்தாள் தொகுப்பு வந்தது; அதை வைத்துக் கேரளத்துப் பள்ளிகளில் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வில், முந்தின ஒரு வருடத்தில் மட்டும் அடியோ உடல் தண்டனையோ வாங்கியதாகச் சொன்னவர்கள் நான்கில் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே சொல்லிவிட்டது. ஸ்கேல்கள் அதற்குப் பிறகும் மேசைமேல்தான் இருந்தன. என்னுடையதும்.

கேட்டுவிட்டால் தீர்ந்ததா? போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம் என்கிறது அதன் 19, 21 ஆகிய பிரிவுகள். சரியான சட்டம்தான். ஆனால் எண்ண வந்தவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு விழுகிறது. பேர் போட்டுக் கேட்டால் பிள்ளை வாய் திறந்த அடுத்த நிமிடம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அது தெரிந்தால் பிள்ளை வாய் திறக்காது. பேர் போடாமல் கேட்டால் பிள்ளை எழுதும். ஆனால் எழுதியது எந்தப் பிள்ளை என்று தெரியாமல் தாளை மடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இந்த வகுப்பில் யாரோ ஒருத்தி, ஆனால் யார்? இதற்கு ஒழுங்கான விடை இருப்பதாக நான் எங்கும் படிக்கவில்லை. கேட்கிறவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், பேச விரும்புகிற பிள்ளை தானாக வந்து பேச ஒரு ஆளை, அந்தப் பிள்ளையின் மொழி தெரிந்த ஆளை, அங்கே விட்டுவிட்டாவது போக வேண்டும் என்பது என் கட்சி.

கேரளத்தின் போக்சோ எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்டேட் இவ்வளவு மோசமா?" என்று பொள்ளாச்சியில் இருக்கிற என் தம்பி கேட்பான். 2013-இல் ஆயிரம் சொச்சம் வழக்குகள். 2019-இல் 3,600-ஐத் தாண்டியது. 2022-இல் 4,500-ஐத் தாண்டியது. நடுவில் 2020-இல் மட்டும் மூவாயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. அந்த வருடம் பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள் என்று அர்த்தம் செய்துகொள்ளலாமா? பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, கவுன்சிலிங் டீச்சர் இல்லை, தோழி இல்லை, கஞ்சிக்கார அக்கா இல்லை. பிள்ளையும் அதைச் செய்கிறவனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்தது. ஒரு ஊரில் வழக்கு கூடுவது அங்கே அக்கிரமம் கூடியதாலும் இருக்கலாம், காது கொடுக்க ஆள் கூடியதாலும் இருக்கலாம்; அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தம்பிக்கு இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். அவன் வாட்ஸ்ஆப்பில் வருகிற படத்தைத்தான் நம்புகிறான்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. வாளையார் எங்களிடமிருந்து ரொம்பத் தூரமில்லை. 2017 ஜனவரியில் ஒரு சிறுமி, மார்ச்சில் அவள் தங்கை, அதே வீட்டில் இறந்து கிடந்தார்கள். மூத்தவளின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் வன்முறைக்கான அறிகுறி குறிப்பிடப்பட்டிருந்தது. காகிதத்தில் இருந்தது. தங்கை அதற்குப் பிறகும் அதே வீட்டில்தான் இருந்தாள். 2019-இல் கீழ்க்கோர்ட்டு விடுதலை, 2021-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அப்புறம் சி.பி.ஐ. என்று வழக்கு நீண்டுகொண்டே போனது.

மறைந்திருப்பதை எண்ண ஒரு தந்திரம் இருக்கிறது. குளத்து மீனை எண்ணுகிறவர்கள் செய்வது. 40 மீனைப் பிடித்து வாலில் குறி போட்டு விடுங்கள். இன்னொரு நாள் 30 மீன் பிடியுங்கள். அதில் 6 மீனுக்குக் குறி இருந்தால், ஐந்தில் ஒன்றைத்தான் முதலில் பிடித்திருக்கிறீர்கள், ஆகவே குளத்தில் சுமார் 200 மீன். இதேபோல ஆஸ்பத்திரிப் பட்டியலையும் போலீஸ் பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் வராத குழந்தைகள் எத்தனை என்று கணிக்கலாம். அழகான கணக்கு, ஆறாம் வகுப்பிலேயே சொல்லித்தரலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு மீனுக்கும் வலையில் விழ ஓரளவாவது வாய்ப்பு இருக்க வேண்டும். சேற்றுக்குள்ளேயே கிடக்கிற விரால் எந்த வலையிலும் விழாது. அந்தத் தங்கச்சிப் பெண் எந்தப் பட்டியலில் விழுந்திருப்பாள்?

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி செய்தார்கள். வாத்தியார், நர்ஸ், குழந்தைக் காப்பகத்துக்காரர் என்று தினமும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்களைக் காவலாளிகளாக வைத்து, அரசாங்கத்துக்குப் புகார் போனதோ இல்லையோ, நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2005-06-இல் நடந்த நாலாவது சுற்றில், ஒரே வருடத்தில் தீங்கு நேர்ந்த குழந்தைகள் பன்னிரண்டரை லட்சம் என்று வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளைத்தான் அரசு விசாரணை எட்டியிருந்தது. மிக அதிகமாகக் கண்டவர்கள் பள்ளிக்கூடத்துக்காரர்கள். அந்தக் காவலாளிப் பட்டியலில் சமையல்கார அம்மாள்களைச் சேர்த்தார்களா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

எனக்கு இன்னும் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. அந்தப் பையனின் அம்மாவை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அவள் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசியை அனுப்பிக்கொண்டிருந்தாள். வருகிறபோது தலை பார்த்து, நகம் வெட்டி, அழுதுவிட்டுப் போவாள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளக் கம்பெனி அறையில் இடமில்லை. கேள்வித்தாளில் "பெரியவர்கள் பார்த்துக்கொள்ளாமல் விடப்பட்டான்" என்பதற்கு நேரே ஆமாம் என்றுதான் வரும். வந்துவிட்டால் அவள் பிள்ளையைக் கவனிக்காத தாய். வறுமையையும் கவனிப்பின்மையையும் பிரித்துக் காட்டுகிற ஸ்கேல் என்னிடம் இல்லை. "வசதி இருந்தும் செய்யவில்லை" என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வசதியை யார் அளப்பது? எப்படி எழுதினாலும் பையனின் பசி அதே பசிதான், அவன் தூக்கம் அதே தூக்கம்தான். குற்றவாளியைத் தேடுகிற கணக்கும் பிள்ளையைத் தேடுகிற கணக்கும் வேறு வேறாக இருந்தால் நல்லது என்று மட்டும் இப்போது தோன்றுகிறது.

நாங்கள் செய்தது சொற்பம். தங்கச்சியைக் காகிதம் எதுவும் கேட்காமல் அங்கன்வாடியில் உட்கார வைக்க அங்கிருந்த டீச்சர் சம்மதித்தார். வெள்ளிக்கிழமைப் பொட்டலத்தை அக்கா பெரிதாகக் கட்டினார். முட்டை போடுகிற நாளில் இரண்டு. தூங்கினால் நான் எழுப்பவில்லை. அடுத்த வருட நடுவில் அம்மா வந்து இரண்டு பிள்ளைகளையும் அம்மிச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டி.சி.கூட வாங்கவில்லை. ஹாஜர் புத்தகத்தில் பதினைந்து நாள் ஆப்சென்ட் போட்டு, பிறகு விதிப்படி பேரை வெட்டினேன். அவன் பேருக்கு நேரே சிவப்பு மை வந்தது அப்போதுதான்.

மூன்று வருடம் முன்னால் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தேங்காய் லோடு ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கி வந்து, "டீச்சர், என்னியத் தெரியுதுங்களா?" என்றான். குரல் தெரியவில்லை, சிரிக்கும்போது கண் சொக்கியதில் தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, உடுமலையில் இருக்கிறாள். அம்மிச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அவனோடுதான்.

அப்போது நான் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்து முடித்திருந்தேன். 2019-இல் வந்தது. சிறுவயதிலேயே பாதிக்கப்பட்டவர்கள் என்று பதிவான ஆட்களைப் பெரியவர்களான பிறகு கேட்டால், அவர்களில் பாதிக்குமேல், 52 சதவீதம் பேர், அப்படி எதுவும் நடந்ததாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறவர்களில் பாதிக்குமேல் அன்றைய பதிவில் இல்லை. இரண்டும் ஏறக்குறைய இரண்டு வேறு கூட்டங்கள். அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சின்னதுல ரொம்பச் சிரமப்பட்டியா சாமி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் டீச்சர். அம்மிச்சி நல்லாத்தான் பாத்துக்கிச்சு." கிளாஸைச் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். பிறகு இடது கையை விரித்துக் காட்டிச் சிரித்தான். "நீங்கதான் ஒருக்கா ஸ்கேல்ல அடிச்சீங்க. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு. இந்தக் கைதானுங்க. ஞாபகமிருக்குதுங்களா?"

நான் பையைத் திறந்து பர்ஸைத் தேடுவதற்குள், அந்தக் கையாலேயே டீக்குக் காசு கொடுத்துவிட்டான்.